பழைய லேப்டாப்பும் புது ரவுட்டரும்: வீட்டில் வைஃபை அமைக்க முழு வழிகாட்டி

புது ரவுட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பலரும் செய்கிற முதல் காரியம், லேப்டாப்பில் வைஃபையைத் திறந்து அதன் பெயரைத் தேடுவது. பெயர் தெரியாவிட்டாலோ, தெரிந்தும் இணையாவிட்டாலோ ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்கள். அப்புறம் ரீசெட் பட்டனை அமுக்குவார்கள். கடைசியில் ‘பீஸ் சரியில்லை’ என்று கடைக்கே எடுத்துப் போவார்கள். அங்கே வைத்துப் பார்த்தால் நன்றாக ஓடும்.

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: வெளியிலிருந்து வரும் லைன், நடுவில் ரவுட்டர், கடைசியில் லேப்டாப். மூன்றையும் ஒரே நேரத்தில் சோதித்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் வயலில் நின்று மண்வெட்டி போடுவதில்லை, தலைமதகிலிருந்து பார்த்துக்கொண்டே வருவோம். இங்கேயும் அந்த வரிசைதான். முதலில் லைன், அப்புறம் ஒயரில் ரவுட்டர், அப்புறம் செல்போனில் வைஃபை, கடைசியாகத்தான் லேப்டாப்.

பழைய லேப்டாப் என்று நான் சொல்வது 2011-லிருந்து அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கியவற்றையும், அந்தக் காலத்தில் கடையில் வாங்கியவற்றையும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் இன்னும் நிறைய வீடுகளில் பட்டா எடுக்கவும், டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்கவும், பிள்ளைகள் படிக்கவும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரில் சில அமைப்புகளை அதற்கு ஏற்றபடி வைத்தால் இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரவுட்டரையும் லேப்டாப்பையும் இணைக்க ஒரு லேன் ஒயர். ரவுட்டர் பெட்டியிலேயே குட்டையாக ஒன்று இருக்கும். அதன் பிளக்கில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட்டில் செருகும்போது ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். நாக்கு உடைந்த ஒயர் உள்ளே போகும், விளக்கும் எரியும், ஆனால் மேஜை அசைந்தால் தொடர்பு விட்டுப்போகும். அதை வைத்துக்கொண்டு எதைச் சோதித்தாலும் தவறான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

ஒரு ஸ்மார்ட்போன், அதை லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி ஒயர். சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவு ஒயர் போதாது, ஃபோட்டோ மாற்றப் பயன்படுத்தும் ஒயராக இருக்கட்டும். ரவுட்டரின் ரீசெட் துளைக்கு ஒரு குண்டூசி. ஒரு நோட்டு, பேனா.

லைன் கொடுக்க வருகிற கேபிள்காரரிடம் அவர் கிளம்புவதற்குள் மூன்று கேள்வி கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இணைப்புக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு உண்டா? உண்டென்றால் அது அவர் வைக்கும் லைன் பாக்ஸிலேயே போடப்பட்டிருக்கிறதா, நம் ரவுட்டரில் போட வேண்டுமா? சில நிறுவனங்களின் லைனுக்கு வேண்டியிருக்கும் வீலேன் (VLAN) எண் ஏதாவது ரவுட்டரில் போடத் தேவையா? அவர் போன பிறகு போனில் பிடிப்பது சிரமம் என்பதால்தான் இதை முதல் படியிலேயே வைக்கிறேன்.

நோட்டில் மூன்று பாஸ்வேர்டுக்கு மூன்று வரி ஒதுக்குங்கள். ஒன்று, இணைய நிறுவனம் கொடுத்தது. இரண்டு, ரவுட்டருக்குள் நுழைந்து அமைப்பை மாற்றுவதற்கானது. மூன்று, வைஃபையில் சேருவதற்கானது. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். “தம்பி, பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், உள்ள விடமாட்டேங்குது” என்று யாராவது சொன்னால், முக்கால்வாசி நேரம் ஒன்றாவதை மூன்றாவது இடத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

2. லேப்டாப்பை முதலில் பரிசோதியுங்கள்

வைஃபையில் சேர்ப்பதில்தான் லேப்டாப் கடைசி. அதற்குள் இருக்கும் சில விஷயங்களை ரவுட்டருக்குக் கரண்ட் கொடுப்பதற்கு முன்பே பார்த்து முடித்துவிடலாம்.

தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா? பழைய லேப்டாப்பின் மதர்போர்டில் உள்ள காசு போன்ற சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை முழுதாக அணைக்கும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் வைஃபை நன்றாக இணைந்திருந்தும் இணையதளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லித் திறக்க மறுக்கும். தளங்களின் சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு, லேப்டாப் தன் தேதியை வைத்துத்தான் அதைச் சரிபார்க்கிறது. இதை ரவுட்டர் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் அல்லாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி மலிவுதான், சர்வீஸ் கடையில் மாற்றித் தருவார்கள். அதுவரை திறந்ததும் தேதியைக் கையால் சரிசெய்யுங்கள்.

வைஃபை சுவிட்ச் எங்கே இருக்கிறது? சில பழைய மாடல்களில் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகத்தால் தள்ளுகிற அளவுக்குச் சின்ன சுவிட்ச் இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது தானாகவே நகர்ந்துவிடும். மற்ற மாடல்களில் மேல் வரிசைக் கீகளில் ஒன்றில் ஆன்டெனா படம் போட்டிருக்கும். அதை எஃப்என் கீயோடு சேர்த்து அமுக்க வேண்டும். இந்த சுவிட்ச் அணைந்திருந்தால் திரையில் எத்தனை முறை கிளிக் செய்தாலும் வைஃபை வராது.

அடுத்து, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் வயர்லெஸ் கார்டின் பெயரைப் பாருங்கள். பெயரில் ‘பிஜிஎன்’ என்று இருந்தால் அது வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். ‘ஏஜிஎன்’, ‘ஏசி’, ‘டூயல் பேண்ட்’ என்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும். பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், 7-ஆம் படியில் தேவைப்படும். மஞ்சள் ஆச்சரியக்குறி தெரிந்தால் பெரும்பாலும் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், இல்லை அல்லது சரியில்லை என்று அர்த்தம்.

இயங்குதளம் எது என்பதையும் பாருங்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. அதைவிடப் பழைய பிரவுசரில் இருந்தால் ரவுட்டரின் அமைப்புப் பக்கமே சில சமயம் பாதியில் நின்றுவிடும்.

3. லைன் உயிரோடு இருக்கிறதா?

ஃபைபர் இணைப்பு என்றால் கேபிள்காரர் ஒரு பாக்ஸ் வைத்திருப்பார். அதில் ‘பான்’ என்ற விளக்கு பச்சையாக, சிமிட்டாமல் எரிய வேண்டும். ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வந்து சேரவில்லை. இந்த நிலையில் ரவுட்டரைத் தொடாதீர்கள், லேப்டாப்பையும் தொடாதீர்கள். கேபிள்காரருக்குப் போன் செய்வது ஒன்றுதான் வேலை.

அவரைக் கூப்பிடுமுன் ஒன்று மட்டும் பார்க்கலாம். பாக்ஸுக்கு வரும் மெல்லிய மஞ்சள் ஒயர் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா? உள்ளே இருப்பது கண்ணாடி இழை. பீரோவுக்குப் பின்னால் நசுங்கினாலோ, ஆணியில் முடிச்சுப் போட்டு மாட்டினாலோ ஒளி கசிந்துவிடும். மிச்ச ஒயரைத் தட்டு அளவுக்கு அகலமாகச் சுருட்டி வைக்கவும். பச்சை முனையைக் கழற்ற வேண்டாம். முனையில் தூசி பட்டாலே சிக்னல் குறையும். தானாகக் கழன்றிருந்தாலும் அதன் வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது, வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

அறுவடை முடிந்து வயலெலிகள் வீட்டுப் பக்கம் வரும் ஊர்களில், தரையோடும் பரண் ஓரமாகவும் போகும் ஒயரை பிவிசி குழாய்க்குள் விட்டுவிடுவது நல்லது.

பாக்ஸில் உள்ள ரீசெட் துளையில் மட்டும் குண்டூசி போடாதீர்கள். லைனுக்கு வேண்டிய நிறுவன அமைப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன, அழிந்தால் அவர்கள்தான் திரும்பப் போட வேண்டும்.

4. இடமும் அடாப்டரும்

ரவுட்டரை வாசலில் லைன் நுழையும் இடத்திலேயே வைத்துவிடுவதுதான் வழக்கம். நம் பக்கத்துப் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று கொல்லை வரை நீளமாகப் போகும். வாசலில் வைத்தால் பாதி சிக்னல் தெருவுக்குப் போய்விடும், அடுக்களைக்கு வராது. கூடத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, திறந்த பலகையில் வையுங்கள். இரும்பு பீரோவின் மேல், டிவிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். இரும்பு அலையைத் திருப்பும், தண்ணீர் உறிஞ்சும்.

லைன் பாக்ஸை வாசலிலேயே விட்டுவிட்டு அங்கிருந்து கூடத்துக்கு லேன் ஒயர் இழுக்கலாம். 100 மீட்டர் வரை லேன் ஒயர் தாங்கும், எந்த வீட்டுக்கும் போதும்.

அடாப்டர் விஷயத்தில் கவனம் தேவை. லைன் பாக்ஸ், ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றின் அடாப்டர் முனையும் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே போய்விடும். ஆனால் ஒன்று 9 வோல்ட், இன்னொன்று 12 வோல்ட். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் அடாப்டரைப் போட்டால் எரிந்துபோகலாம். 12 வோல்ட் ரவுட்டரில் 9 வோல்ட் அடாப்டரைப் போட்டால் விளக்கு எரியும், ஆனால் அடிக்கடி தானாக அணைந்து திரும்ப வரும். ஆயுதபூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்த மறுநாள் நெட் விட்டுவிட்டு வருகிறது என்றால் முதலில் அடாப்டரைப் பாருங்கள். இன்றே ஒவ்வொரு அடாப்டரிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, எதனுடையது என்று எழுதிவிடுங்கள்.

5. ஒயர்களைச் சரியான துளையில் செருகுங்கள்

ரவுட்டரின் பின்னால் வரிசையாக லேன் போர்ட்டுகளும் வெளி லைனுக்கென்று தனியாக ஒரு வேன் (WAN) போர்ட்டும் இருக்கும். வேன் போர்ட் பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும், சில கம்பெனிகள் ‘இன்டர்நெட்’ என்று எழுதியிருக்கும். லைன் பாக்ஸிலிருந்து வரும் ஒயர் வேன் போர்ட்டில். லேப்டாப்பிலிருந்து வரும் ஒயர் ஏதாவது ஒரு லேன் போர்ட்டில்.

லைன் ஒயரை லேன் போர்ட்டில் செருகுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்போது பாக்ஸ் ஒரு பக்கம், ரவுட்டர் ஒரு பக்கம் என்று இரண்டுமே வீட்டுக் கருவிகளுக்கு ஐபி முகவரி (ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) கொடுக்கத் தொடங்கும். சில கருவிகளில் நெட் வரும், சிலவற்றில் வராது, நாளைக்கு மாறிப்போகும். இப்படி ஒழுங்கில்லாமல் வந்து போகிற கோளாறுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது.

வரிசை: எல்லாம் அணைந்திருக்கும்போது ஒயர்களைச் செருகவும். முதலில் லைன் பாக்ஸுக்குக் கரண்ட், பான் விளக்கு நிலைத்ததும் ரவுட்டருக்குக் கரண்ட், இரண்டு நிமிடம் கழித்து லேப்டாப். முன்னால் இருப்பது விழித்திருந்தால்தான் பின்னால் வருவது அதனிடம் முகவரி கேட்டு வாங்க முடியும்.

6. ரவுட்டருக்குள் நுழைந்து இணையத்தைக் கொண்டுவருதல்

லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு ஒயரில் மட்டும் இருங்கள். ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் ஒரு முகவரி அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அதை பிரவுசரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் தட்டவும். கூகுள் தேடல் பெட்டியில் தட்டினால் தேடல் முடிவுகள்தான் வரும்.

திறக்கவில்லையா? நெட்வொர்க் இணைப்பின் விவரங்களைத் திறந்து ‘டீஃபால்ட் கேட்வே’ என்ன என்று பாருங்கள். அதுதான் ரவுட்டரின் உண்மையான முகவரி. லேப்டாப்பின் ஐபி 169.254 என்று தொடங்கினால் அதற்கு ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை. ஒயரை வேறு போர்ட்டில் மாற்றிப் பாருங்கள், வேறு ஒயரும் போட்டுப் பாருங்கள். 169.254 இல்லாமல், ஸ்டிக்கரில் உள்ள முகவரியோடு பொருந்தாத வேறு எண் தெரிந்தால், முன்பு யாரோ கையால் ஐபி எண் போட்டு வைத்திருப்பார்கள். கல்லூரி, அலுவலகத்தில் இருந்து வந்த லேப்டாப்பில் இது சகஜம். ஐபி, டிஎன்எஸ் இரண்டையும் ‘தானாகப் பெறு’ என்று மாற்றுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். மாற்றி, நோட்டில் இரண்டாவது வரியில் எழுதுங்கள்.

இப்போது இணைப்பு வகை. கேபிள்காரர் யூசர்நேம் பாஸ்வேர்டைத் தன் பாக்ஸிலேயே போட்டிருந்தால், ரவுட்டரில் ‘டைனமிக் ஐபி’ தேர்ந்தெடுக்கவும். நம்மிடம் கொடுத்திருந்தால் ‘பிபிபிஓஇ’ (PPPoE) தேர்ந்தெடுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் போடவும். இரண்டு இடத்திலும் போட்டால் ஒன்றுதான் உள்ளே போகும், மற்றதுக்கு அனுமதி கிடைக்காது.

இரண்டு சிக்கல்கள் இங்கே வரும். பாக்ஸும் ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியை வைத்திருந்தால் ஒன்றோடு ஒன்று மோதும். ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றிச் சேமிக்கவும். பக்கம் உறைந்து நிற்கும், பயப்பட வேண்டாம். லேன் ஒயரைக் கழற்றிச் செருகிவிட்டுப் புது முகவரியில் திறக்கவும். இரண்டாவது, சில இணைப்புகள் பழைய ரவுட்டரின் மேக் முகவரியோடு, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணோடு, கட்டப்பட்டிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் நெட் வராவிட்டால் கேபிள்காரரிடம் சொல்லிப் புது ரவுட்டரின் மேக் முகவரியைப் பதியச் சொல்லுங்கள். அது ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

கேபிள்காரர் கொடுத்த பாக்ஸிலேயே வைஃபை இருந்து, கொல்லைப்புற அறைக்காக மட்டும் இரண்டாவது ரவுட்டர் வைக்கிறீர்கள் என்றால் இத்தனையும் வேண்டாம். ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் போதும். முகவரி கொடுக்கும் வேலையைப் பாக்ஸ் பார்த்துக்கொள்ளும்.

ஒயரில் இருந்தபடியே ஒரு இணையதளம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். இங்கே நெட் வந்துவிட்டால் லைனும் ரவுட்டரும் சரி என்று உறுதியாகிவிட்டது. இனிமேல் வரும் எந்தக் கோளாறும் வைஃபையிலோ லேப்டாப்பிலோதான்.

7. பழைய லேப்டாப்புக்கு ஏற்றபடி வைஃபை அமைப்பு

ரவுட்டர்கள் புதிய செல்போன்களை மனதில் வைத்து அமைக்கப்பட்டு வருகின்றன. பழைய லேப்டாப் இணையாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் உள்ள ஐந்தாறு அமைப்புகள்தான் காரணம். ஒவ்வொன்றாக மாற்றுவோம்.

பெயர். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் காட்டும் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ வசதியை அணைத்து, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். எதில் இணைகிறோம் என்பது அப்போதுதான் தெரியும். 2.4 பெயரில்தான் பழைய லேப்டாப். பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் வைக்கவும். தமிழில் வைத்தால் செல்போனில் அழகாகத் தெரியும், விண்டோஸ் 7-இல் சிதைந்த குறிகளாகத் தெரியும்.

பாதுகாப்பு வகை. ‘டபிள்யூபிஏ3’ மட்டும் என்று இருந்தால் விண்டோஸ் 7-ஆல் சேரவே முடியாது. ‘டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு’ என்பதிலும் சில பழைய கார்டுகள் தடுமாறும். 2.4-க்கு ‘டபிள்யூபிஏ2’, அதில் ‘ஏஇஎஸ்’ என்று வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு டபிள்யூபிஏ3 இருக்கட்டும். ‘டிகேஐபி’ வேண்டாம். அது பலவீனமானது, அதோடு வேகத்தையும் 54 எம்பிபிஎஸ்ஸுக்குள் கட்டிவிடும். ‘வெப்’ (WEP) என்ற பழைய பாதுகாப்பு வகையின் பக்கமே போகாதீர்கள், லேப்டாப் எவ்வளவு பழையதாக இருந்தாலும் சரி.

முறை. வைஃபை 6 ரவுட்டர் வாங்கியிருந்தால் இதுதான் முக்கியம். 2.4-இல் வைஃபை 6-இன் ‘ஏஎக்ஸ்’ முறை ஓடும்போது, பழைய டிரைவர் உள்ள சில இன்டெல் கார்டுகளுக்கு அந்த வைஃபையின் பெயரே பட்டியலில் தெரியாது. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரியும், நம் வீட்டுடையது மட்டும் தெரியாது. 2.4-இன் முறையை ‘பி/ஜி/என்’ என்று மாற்றிய உடனே பெயர் வந்துவிடும். அல்லது ஒயரில் இருந்தபடியே கார்டின் டிரைவரைப் புதுப்பிக்கலாம்.

சேனல். இந்தியாவில் 2.4-க்குள் 13 சேனல், அதாவது தனித்தனிப் பாதைகள், உண்டு. அமெரிக்க அமைப்போடு வந்த பழைய கார்டுகளுக்கு 11 வரைதான் கண் தெரியும். ‘ஆட்டோ’வில் விட்டால் ரவுட்டர் ஒரு நாள் 12-க்கோ 13-க்கோ போய்விடும், லேப்டாப்பில் வைஃபை காணாமல் போகும். நேற்றுவரை வந்தது இன்று வரவில்லை என்பதற்கு இது ஒரு காரணம். 1, 6, 11 மூன்றில் ஒன்றைக் கையால் வையுங்கள். இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழாதவை. கும்பகோணம் அக்ரஹாரத் தெரு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று செல்போன் செயலியில் பார்த்து, கூட்டம் குறைந்ததை எடுக்கவும். சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் பக்கத்தில் உள்ளவர்களோடு மோதும்.

பாஸ்வேர்டு. 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். பழைய லேப்டாப்பில் சில கீகள் தேய்ந்து வேலை செய்யாமல் இருக்கும், அந்த எழுத்துகளைத் தவிர்க்கவும். பூஜ்யமும் ஓ எழுத்தும் கலந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவு எண், செல்போன் எண், பிள்ளையின் பெயர் வேண்டாம். தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், யாராலும் எளிதில் ஊகிக்கவும் முடியாது.

8. செல்போனில் சோதியுங்கள்

செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு 2.4 பெயரில் சேருங்கள். டேட்டா திறந்திருந்தால், வைஃபையில் நெட் இல்லாதபோது போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நாம் வைஃபை வேலை செய்வதாக நம்பிக்கொண்டிருப்போம். போனில் வந்துவிட்டால் ரவுட்டர் வேலை முடிந்தது.

9. இப்போது லேப்டாப்

லேன் ஒயரைக் கழற்றுங்கள். வைஃபை பட்டியலைத் திறந்து சேருங்கள். வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

வைஃபை குறியே இல்லை என்றால் டிரைவர் அல்லது சுவிட்ச். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொள்வார்கள். லேன் ஒயர் இருந்தால் அதில் இறக்கலாம். லேன் போர்ட் பழுது என்றால் செல்போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி ‘யுஎஸ்பி டெதரிங்’ திறந்தால் லேப்டாப்புக்கு நெட் வரும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டவர்களுக்கும் இதே வழிதான். பிராட்காம் கம்பெனி கார்டுகளுக்கு லினக்ஸில் தனியாக ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) இறக்க வேண்டியிருக்கும்.

குறி இருக்கிறது, மற்ற பெயர்கள் தெரிகின்றன, நம்முடையது மட்டும் இல்லை என்றால் 7-ஆம் படியில் முறையும் சேனலும்.

பெயர் தெரிகிறது, சேரும்போது ‘சேமித்த அமைப்புகள் பொருந்தவில்லை’ என்று வருகிறது என்றால் பழைய ரவுட்டரின் பெயரையே புதியதற்கும் வைத்திருப்பீர்கள். லேப்டாப் பழைய பாதுகாப்பு வகையை நினைவில் வைத்துக்கொண்டு அடம்பிடிக்கிறது. சேமித்த நெட்வொர்க்குகளின் பட்டியலில் அந்தப் பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்.

சேர்ந்துவிட்டது, ஆனால் நெட் இல்லை என்றால் 6-ஆம் படியில் சொன்ன கையால் போட்ட ஐபி, இந்த முறை வைஃபை அடாப்டரில். அப்புறம் தேதி.

சற்று நேரம் வந்து நின்றுவிடுகிறது என்றால் மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளுக்குள் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டரை முழுத்திறனில் வையுங்கள். பேட்டரி செத்து எப்போதும் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்பில் இந்தச் சேமிப்பால் ஒரு பயனும் இல்லை.

10. வேகம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஒரே ஆன்டெனா உள்ள ‘என்’ வகைக் கார்டு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதிகபட்சம் 72 எம்பிபிஎஸ் காட்டும். கையில் கிடைப்பது ஏறத்தாழ அதில் பாதி. 100 எம்பிபிஎஸ் திட்டம் போட்டுவிட்டு 35 தான் வருகிறது என்று கேபிள்காரரிடம் சண்டை போடாதீர்கள். லேன் ஒயரில் மாட்டி அளந்து பாருங்கள், அங்கே 90-க்கு மேல் வந்தால் அவர் சரியாகத்தான் கொடுக்கிறார். ஃபைல் இறங்கும்போது திரையில் 4 எம்பி என்று காட்டுவது பைட் கணக்கு, எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. 8-ஆல் பெருக்கினால் 32 எம்பிபிஎஸ்.

படிக்கவும், விண்ணப்பம் போடவும், வீடியோ வகுப்புக்கும் இந்த வேகம் தாராளம். இன்னும் வேண்டுமென்றால் டூயல் பேண்ட் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகலாம். வாங்குமுன் உங்கள் இயங்குதளத்துக்கு டிரைவர் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் தடித்த செங்கல் சுவரைத் தாண்டத் திணறும். லேப்டாப் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால்தான் பலன்.

11. வீட்டைப் பூட்டுங்கள்

பாஸ்வேர்டு தட்டாமலே வைஃபையில் சேர விடும் ‘டபிள்யூபிஎஸ்’ வசதியை அணைக்கவும். எட்டு இலக்க எண்ணை ஊகித்து உள்ளே நுழையும் வழி அதில் உண்டு. வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ரிசல்ட் பார்க்க பாஸ்வேர்டு கேட்டால் இல்லை என்று சொல்ல மனசு வராது. ‘கெஸ்ட் நெட்வொர்க்’ ஒன்று திறந்து அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். அதில் சேருபவர்களால் உங்கள் லேப்டாப்பையும் ரவுட்டர் பக்கத்தையும் எட்ட முடியாது. ஆதரவு நின்றுபோன விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்த லேப்டாப்பில் வங்கி வேலை வேண்டாம், அதைச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது நடுவில் கரண்ட் போனால் ரவுட்டர் எழுந்திருக்காமல் போகலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலும் மழை நேரத்திலும் அதைத் தொடாதீர்கள். கரண்ட் நிலையாக இருக்கும் நேரம் பார்த்து, லேன் ஒயரில் செய்யவும்.

12. கரண்ட், மழை, இடி

கரண்ட் போனால் நெட்டும் போகாமல் இருக்க ரவுட்டருக்கான மினி யூபிஎஸ் வாங்குகிறவர்கள் லைன் பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் கொடுத்தால்தான் நெட் வரும். இரண்டின் வோல்ட்டும் யூபிஎஸ்ஸின் வெளியீட்டோடு பொருந்துகிறதா, இரண்டையும் சேர்த்துத் தாங்கும் ஆம்பியர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது ஃபைபர்தானே என்று விட்டுவிடாதீர்கள். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் ஒயரைத் தாங்க அதனோடு ஓடும் இரும்புக் கம்பி கடத்தும், கரண்ட் லைன் கடத்தும், லேன் ஒயரும் கடத்தும். அடாப்டர்களைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. லேப்டாப்பின் லேன் ஒயரையும் கழற்றுங்கள். லேன் போர்ட் எரிந்தால் பல லேப்டாப்புகளில் மதர்போர்டையே தொட வேண்டியிருக்கும்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா மாதிரி ஒரு புயல் எச்சரிக்கை வந்தால் யூபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். முதல் நாளே ரவுட்டர், அடாப்டர், ஒயர் எல்லாவற்றையும் கழற்றி, தண்ணீர் புகாத பையில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். நோட்டையும் அதே பையில் போடுங்கள். லைன் திரும்ப வரும் நாளில் கேபிள்காரருக்கு ஊர் முழுக்க வேலை இருக்கும். நோட்டில் இருக்கும் மூன்று வரியை வைத்து 5-ஆம் படியிலிருந்து நீங்களே தொடங்கிவிடலாம்.